வானிலை அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

சித்திரை மாதத்து நண்பகல். வடக்கு, வடமத்திய மாகாணங்களின் சில இடங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று வானொலியில் வானிலை அறிக்கை வாசிக்கப்படுகின்றது. கிளிநொச்சிச் சந்தையிலே மரக்கறி விற்றுக்கொண்டிருக்கும் கமக்காரர் ஒருவர் அதனைக் கேட்டுவிட்டு, மூடைகளின்மேல் படங்கை இழுத்து மூடுகின்றார். நான்கு மணிக்குச் சந்தை வெள்ளக்காடாகின்றது. சில கல் தொலைவிலே, பரந்தனில் இருக்கும் அவருடைய தம்பியும் அதே அறிக்கையைக் கேட்டவரே. அவித்து முற்றத்தில் காயப்போட்ட நெல்லை அவர் அவசர அவசரமாக அள்ளி உள்ளே சேர்த்துவிட்டு, அந்தி சாயும்வரை வானத்தைப் பார்த்தபடி திண்ணையில் இருக்கின்றார். ஒரு துளியும் விழவில்லை. மறுநாட் காலையில் இருவரும் சந்திக்கும்போது, "அண்ணை, உவையள் சொல்லுறது ஒருநாளும் நடக்காது" என்கின்றார் தம்பி. அண்ணனோ அறிக்கையைப் புகழ்கின்றார்.

இருவரும் கேட்டது ஒரே வாக்கியந்தான். அதிலே பிழை ஏதும் இல்லை. "சில இடங்களில்" என்ற இரண்டு சொற்களைத் தம்பியார் காதில் வாங்கவில்லை; அவ்வளவே நடந்தது. வானிலை அறிக்கையின் மீது சாட்டப்படும் குற்றங்களிற் பெரும்பாலானவை இத்தகையனவே. அறிக்கை ஒரு மாகாணத்தை நோக்கிப் பேசுகின்றது. கேட்பவரோ தம்முடைய முற்றத்தைப் பற்றிய செய்தியாக அதனை எடுத்துக்கொள்கின்றார். மாகாணத்துக்கும் முற்றத்துக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை எந்த அறிக்கையும் முழுமையாகக் கடக்க இயலாது. ஏன் இயலாது என்பதை அறிய, அந்தச் சித்திரை மழை உண்டாகும் விதத்தைச் சற்று நோக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரில் மாதங்களிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இலங்கையின்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று வலுவாக வீசுவதில்லை. இவை இடைப் பருவங்கள். காலையில் வானம் தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏற, நிலம் விரைந்து சூடாகும். கடலோ அவ்வளவு விரைவிற் சூடாகாது. நிலத்தின் மேலுள்ள வளி வெப்பத்தால் விரிந்து மேலெழ, அவ்விடத்தை நோக்கிக் கடலிலிருந்து ஈரமான காற்று உள்ளே வரும். இதுவே கடற்காற்று. இரவில் இம்முறை தலைகீழாகித் தரைக்காற்றாக வீசும். விடியுமுன் தரைக்காற்றிலே பாய் விரித்துப் புறப்பட்டு, பிற்பகலிற் கடற்காற்றோடு கரை திரும்பிய பழைய மீனவர் இவ்வுண்மையை எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை.

உள்ளே வந்த ஈரக்காற்று மேலெழும்போது குளிர்ந்து, அதிலுள்ள நீராவி ஒடுங்கி முகிலாகின்றது. பஞ்சுப் பொதிபோலத் தோன்றும் முகில், ஒரு மணி நேரத்துள் 12 கிலோமீற்றருக்கு மேலும் உயர்ந்து, அடி கறுத்து, தலை பட்டடை போலப் பரந்து நிற்கும். ஆயின் அதன் அகலமோ சில கிலோமீற்றர் மாத்திரமே. அதன் ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைச் சுற்றியதே. உலையேற்றிய பானையில் நீர் கொதிக்கப்போகின்றது என்பதை வீட்டிலுள்ள சிறு பிள்ளையும் சொல்லும். முதற் குமிழி பானையின் எந்தப் பக்கத்தில் எழும் என்பதைச் சமையலில் நரைத்த கிழவியாலும் சொல்ல முடியாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையும் அதுதான். "சில இடங்களில்" என்பது தப்பிக்கொள்வதற்காகச் சொல்லப்படும் சொல்லன்று. அறிந்ததை அறிந்த அளவில் சொல்லும் நேர்மையான சொல்.

எஞ்சியதைக் கேட்பவருடைய கண்ணும் காதுமே நிரப்ப வேண்டும். காலை பத்து மணிக்கே முகிற் குவியல்கள் அகலத்தைக் காட்டிலும் உயரத்தில் வளரத் தொடங்கினால், அன்று பிற்பகல் அறிக்கை அந்தப் பக்கத்தில் மெய்யாகும் வாய்ப்பு மிகுதி. பழைய மத்திய அலை வானொலிப் பெட்டி வைத்திருப்போர்க்கு இன்னுமோர் அடையாளம் உண்டு. பாட்டின் நடுவே திடீர் திடீரெனக் கரகரப்பு வெடித்தால், அது பெட்டியின் பழுதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எங்கோ மின்னிக்கொண்டிருக்கிறது என்பதற்கும் அது சான்றாகலாம்.

மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணுவது விளையாட்டன்று. ஒலி ஒரு கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 3 செக்கன் ஆகும். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கின்றது. அடுத்தது தலைக்கு மேலேயே இறங்கலாம். அந்நேரம் வயல்வெளியில் மண்வெட்டியோடு நிற்பதும், தனித்து நிற்கும் மரத்தின் கீழ் ஒதுங்குவதும், குளத்தில் இறங்குவதும் உயிரோடு சூதாடுவதாகும். மழை தொடங்கவில்லையே என்று எண்ணி நிற்பவரே பெரும்பாலும் அகப்படுகின்றார். ஏனெனில் மின்னல் மழைக்கு முன்னேயும், மழை பெய்யும் இடத்துக்கு அப்பாலும் விழும்.

இனி, பருவப்பெயர்ச்சிக் காற்றுக்களை நோக்குவோம். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசுகின்றது. இதே காற்று வட்டவளையிலும் அதனை அடுத்த மேற்குச் சரிவுகளிலும் ஓயாது மழையைப் பொழிகின்றது. அச்சரிவுகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரையும் கடப்பதுண்டு. மலையைத் தாண்டி மட்டக்களப்புக்கு வரும்போது அக்காற்றுக்கு அங்குள்ளோர் இட்ட பெயர் கச்சான். கச்சான் வீசத் தொடங்கினால் உதடு வெடிக்கும்; வாழையிலை கருகும்; கிணற்று நீர் இறங்கும். ஒரே காற்று ஓரிடத்தில் வெள்ளமாகவும் மற்றோரிடத்தில் வெக்கையாகவும் இருப்பது எவ்வாறு?

இதிலே சிறிய கணக்கொன்று அடங்கியுள்ளது. மேலெழும் வளி, முகில் உண்டாகாதவரை ஒவ்வொரு கிலோமீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் குளிர்கின்றது. முகில் உண்டாகத் தொடங்கியதும் நீராவி ஒடுங்கும்போது தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளிவிடுவதால், அவ்வீதம் 5 அல்லது 6 பாகையாகக் குறைகின்றது. மேற்குச் சரிவிலே காற்று இவ்வாறு மெல்லக் குளிர்ந்தபடி ஏறித் தன் ஈரத்தை இறக்கிவிடுகின்றது. கிழக்குச் சரிவில் இறங்கும்போது ஈரம் இல்லை. ஆகவே கிலோமீற்றருக்கு முழுமையாகப் 10 பாகை வீதம் சூடேறுகின்றது. ஏறும்போது இழந்ததிலும் இறங்கும்போது பெற்றது அதிகம். மலைநாட்டிலே கொட்டித் தீர்த்த மழையின் வெப்பந்தான் மட்டக்களப்பில் கச்சானாக வீசுகின்றது எனின் அது மிகையன்று.

யாழ்ப்பாணத்துக்கு அக்காற்று சோழகமாக வருகின்றது. அங்கே அதனை ஏறி மழையாக்க மலையும் இல்லை. ஆதலால், தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி வலுப்பெறுகின்றது என்று அறிக்கை கூறுமிடத்து, இரத்தினபுரியில் இருப்பவர் குடையையும், மட்டக்களப்பில் இருப்பவர் கிணற்றையும், யாழ்ப்பாணத்து மீனவர் பாயையும் நினைக்க வேண்டியவராவர். ஒரே வாக்கியம் ஊருக்கு ஊர் வேறு பொருள் தருகின்றது. வாடையும் கொண்டலும் வீசும் மாரியில் இம்முறை மாறும். அப்போது மழை வடக்குக்கும் கிழக்குக்கும், பதுளைப் பக்கத்துக்கும் உரியது. பெரும்போக வேளாண்மை முழுவதும் அதனை நம்பியே நிற்கின்றது.

அறிக்கையில் வரும் அளவுகளை மக்கள் பெரிதும் கவனிப்பதில்லை. "50 மில்லிமீற்றர் அளவான ஓரளவு பலத்த மழை" என்றால் விரற்கடை அளவான ஏதோ ஒன்று என்று தோன்றும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். ஓர் ஏக்கர் 4000 சதுர மீற்றருக்குச் சிறிது கூடியது. ஆகவே 50 மில்லிமீற்றர் மழையில் ஓர் ஏக்கர் வயலில் இரண்டு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் விழுகின்றது. 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை என்று அறிவிக்கப்படும் நாளில் நாலு இலட்சம். அதுவும் ஓர் ஏக்கருக்கு! அந்நீர் விழுந்த இடத்திலேயே தங்கியிருப்பதுமில்லை. கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்வது இரணைமடுக்குளத்துக்கு வரும். மத்திய மலைநாட்டிற் பெய்வது மகாவலியோடு வெருகலுக்கும் மூதூருக்கும் வந்து சேரும். வெயில் எறித்துக்கொண்டிருக்கும் ஊருக்குள் வெள்ளம் புகுவது அதனாலேயே. ஆற்றங்கரையிலும் குளத்தின் கீழும் குடியிருப்போர் தம்முடைய மாகாணத்தின் அறிக்கையோடு நில்லாமல், ஆறு பிறக்கும் மாகாணத்தின் அறிக்கையையும், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள அறிவித்தலையும் கேட்பது அவசியம்.

"பிரதானமாக மழையற்ற வானிலை" என்பது இன்னொரு தொடர். தை, மாசி மாதங்களில், நெல் அறுவடைக்கு நிற்கும் வேளையில், இதனைக் கேட்டுக் கமக்காரர் மனம் ஆறுதலடைகின்றார். "பிரதானமாக" என்ற சொல் ஒரு தூறலுக்கு இடம் விட்டே வைத்திருக்கிறது என்பதை அவர் மறத்தலாகாது. இம்மாதங்களில் இரவு தெளிந்திருந்தால், பகலில் நிலம் பெற்ற வெப்பம் தடையின்றி வானுக்குச் சென்றுவிடும். முகில் ஒரு போர்வை. அது விலகிய இரவு குளிரும். ஈரமான நிலத்தின்மேல் விடியற்காலையிற் பனிமூட்டம் படிவதும், நுவரெலியாவில் சில நாட்களிற் புல்லின்மேல் உறைபனி கண்டு தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகுவதும் இக்காரணத்தாலேயே.

முன்னோர் கண்ட அடையாளங்கள் பயனற்றனவா என்று நேயர் சிலர் கேட்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. சந்திரன் கோட்டை கட்டினால் மழை என்பர். உயர்ந்த மெல்லிய முகிலிலுள்ள பனிக்கட்டித் துகள்களில் ஒளி முறிவதால் அவ்வட்டம் தோன்றுகின்றது. தாழமுக்கம் ஒன்று நெருங்கும்போது அத்தகைய முகில் முன்னோடியாகப் பரவுவதுண்டு. ஆனால் தொலைவிலே பெய்து ஓய்ந்த இடிமுகிலின் மிச்சமாகவும் அது மிதந்து வரும். ஆகவே கோட்டையைக் கண்டதும் விதைநெல்லை வெளியே எடுப்பது அவசரமே. ஈசல் பறப்பதை மழையின் அறிகுறி என்பாரும் உளர். அது பெரும்பாலும் மண்ணை நனைத்த மழைக்குப் பின்னரே புறப்படுகின்றது. பெய்த மழைக்கே அது சாட்சி.

இவ்வடையாளங்கள் எவையும் போதாத இடம் ஒன்று உண்டு. அது வங்காள விரிகுடா.

1964 டிசம்பர் 22ஆம் திகதி சூறாவளி ஒன்று வட இலங்கையைக் கடந்து சென்று, அன்றிரவு பாக்கு நீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியையே அழித்தது. பாம்பனிலிருந்து அங்கே சென்ற புகையிரதம் பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஆயிரம் பேரளவில் மாண்டனர்; கிழக்குக் கரையின் தென்னந்தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சரிந்தன. அன்றைய மட்டக்களப்பு மக்கள் இன்றும் ஆண்டுகளைச் "சூறாவளிக்கு முன்", "சூறாவளிக்குப் பின்" என்று பிரித்தே பேசுகின்றனர்.

வானிலையை நோக்கும் முதற் செய்மதி 1960 ஏப்ரிலிலே விண்ணுக்கு ஏவப்பட்டது. அதற்குமுன் கடலின் நடுவே உருவாகும் தாழமுக்கத்தை அறியக் கப்பல்கள் அனுப்பும் செய்தியும் கரையிலுள்ள பாரமானியுமே துணையாயிருந்தன. பாரமானியை வாசிப்பதும் நம்முடைய பகுதிகளில் எளிதன்று. வானிலை எவ்வளவு அமைதியாக இருப்பினும், அமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவிற் சுமார் 3 மில்லிபார் தாழ்ந்து நிற்கும். இவ்வழக்கமான ஏற்றத்தாழ்வை அறியாதவர் ஒவ்வொரு பிற்பகலும் புயல் வருகின்றதென அஞ்ச நேரிடும். இன்று செய்மதி, தாழமுக்கம் உருவாகும்போதே அதனைக் காட்டிவிடுகின்றது. ஆனால் அது செல்லப்போகும் வழியை முன்கூட்டிக் கணிப்பதில் இன்னமும் விலகல் உண்டு. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் நேர்க்கோட்டில் இடைத்தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்றே அதிகம். சூறாவளி தன் பாதையில் அவ்வளவு விலகினால், ஓரூர் தப்ப மற்றோரூர் அகப்படும்.

இங்கேதான் மீனவருடைய துன்பம் தொடங்குகின்றது. மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்லவேண்டாம் என்ற எச்சரிக்கை வருகின்றது. வள்ளம் கரையேற்றப்படுகின்றது. மூன்று நாள் உழைப்பு இல்லை. கடைக்காரரிடம் கடன் ஏறுகின்றது. நான்காம் நாள், சூறாவளி இந்தியக் கரையை நோக்கித் திரும்பிவிட்டது என்ற செய்தி வருகின்றது. அடுத்த முறை எச்சரிக்கை கேட்கும்போது அவர் மனம் இருவழிப்படுமாயின், அதனை அறியாமை என்று இகழ்வது நகரத்தில் மாதச் சம்பளம் பெறுவோர்க்கு எளிது. அவர் அறிய வேண்டியது ஒன்றே. எச்சரிக்கை, "வந்தே தீரும்" என்று சொல்லவில்லை. "வரக்கூடிய பாதையில் நீ இருக்கின்றாய்" என்றே சொல்கின்றது. கடல் அறிக்கையில் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை என்று கடற்பரப்பைக் குறித்தபின், காற்றின் வேகம் அவ்வப்போது மணிக்கு 60 கிலோமீற்றராக அதிகரிக்கலாம் என்று சொல்லப்படுமாயின், 30 கிலோமீற்றர் காற்றைப்போல் இருமடங்கு என்று கணக்கிடுவது தவறு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகும். அது நான்கு மடங்கு.

கரையில் இருப்போர்க்கும் ஒரு விதி பயன்படும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழமுக்கத்தின் மையம் இடக்கைப் புறத்திலே, சற்று முன்னாக இருக்கும். கிழக்கே கடலில் சூறாவளி நெருங்கும்போது மட்டக்களப்பில் வடக்கிலிருந்து காற்று வீசுவது இதனாலேயே. மையம் ஊரின்மேல் வந்தால் காற்று நின்றுவிடும். சில வேளை வானமும் வெளிக்கும். அவ்வமைதியை நம்பி, பறந்த கூரையைத் தேடியும் பக்கத்து வீட்டாரைப் பார்க்கவும் வெளியே வருவோரைச் சிறிது நேரத்தில் எதிர்த்திசைக் காற்று தாக்கும்.

சூறாவளி என்றாற் காற்று என்றே 1978ஆம் ஆண்டு கற்பித்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா வேறொன்றைக் கற்பித்தது. காற்றின் வேகத்தில் அது 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு ஈடாகாது. எனினும் அது மெதுவாக ஊர்ந்து கொட்டிய மழையினால், கடலையே கண்டறியாத மலைநாட்டுக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் மண் சரிந்தது. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். "கிழக்குக் கரையில் சூறாவளி" என்ற செய்தியைக் கேட்டு, அது தமக்குரியதன்று என்று மலையிலிருப்போர் எண்ண இனி இடமில்லை.

மலைச்சரிவில் வாழ்வோர்க்கு விலையில்லாத கருவி ஒன்று உண்டு. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான பால்மாத் தகரம் ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத முற்றத்தில் ஆடாமல் வைத்தால், அது மழைமானியே. தகரம் அகலமானதாயினும் ஒடுங்கியதாயினும், உள்ளே நிற்கும் நீரின் ஆழமே அவ்விடத்து மழைவீழ்ச்சி. திணைக்களம் காலை எட்டரை மணிக்கே இருபத்துநாலு மணி நேர மழையைக் கணக்கெடுக்கின்றது. வீட்டிலும் அதே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து, நீரை ஊற்றிவிட்டு வைத்தால் இரண்டையும் ஒப்பிடலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100 ஐக் கடந்தால் எச்சரிக்கை, 150 ஐக் கடந்தால் வெளியேற்றம் என்று அளவுகளை வகுத்துள்ளது. மழை விடாது பெய்யும் நாளிலே காலைவரை காத்திராது, மாலையிலும் இரவு படுக்குமுன்னும் ஒருமுறை விளக்கோடு சென்று தகரத்தைப் பார்த்தல் வேண்டும். இடையில் நீரை ஊற்றிவிடலாகாது. 75 கோட்டைத் தொட்டிருந்தால், சுவரில் புதிய வெடிப்பு உண்டா, வாசற்கதவு திடீரென இறுகிவிட்டதா, ஊற்று நீர் கலங்கி வருகிறதா என்பவற்றையும் அப்போதே பார்த்து, பிள்ளைகளை உடுத்தபடியே படுக்கவைத்து, பத்திரங்கள் உள்ள பையைக் கதவடியில் வைப்பது நல்லது. 100 ஆனபின் உறக்கத்துக்கு இடமில்லை. 150 வரும்வரை பார்த்திருப்போம் என்பாரும் உளர். அந்த நேரத்தில் வழியே இல்லாமற் போகலாம்.